யானையை வீழ்த்திய ஈயமும் துவக்கு வரியும்: ஈழத்து வேட்டைத் துவக்குகளின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

வேட்டைத் துவக்கைப் பற்றி எழுதுவது இலக்கிய மாணவனுக்கு ஏற்ற பணியா என வினவுவோர் உளர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மிற் பெரும்பாலோர் துவக்கொன்றைக் கையால் தொட்டறியாதவர்கள் என்பதும் உண்மையே. எனினும், சொட்கனா றைபிளா விலங்கை விரைவில் வீழ்த்துவது என்று வேட்டைக்காரர் நெடுங்காலமாக நடத்திவரும் வாதம் வெறும் தொழில்நுட்ப வாதமன்று. தாக்கப்பட்ட உடலை அது நிற்கும் இடத்திலேயே செயலிழக்கச் செய்யும் ஆற்றலை ஆங்கிலேயர் ‘ஸ்டொப்பிங் பவர்’ என்பர். நாம் அதனைத் ‘தடுத்து வீழ்த்தும் வலு’ எனலாம். இக்கருத்து வளர்ந்த களங்களுள் நமது நாடும் ஒன்று. அது வளர்ந்த காலமோ கோப்பித் தோட்டங்களின் காலம்.

முதலிற் சில எண்கள். சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே, 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்துள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அரசாங்கச் சன்மானம் கோரப்பட்டதெனக் குறிக்கின்றார். தென்மாகாணத்தில், காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையே, 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளுக்குச் சன்மானம் வழங்கப்பட்டது. தலைக்குச் சில சிலிங்குகள். தனிமனிதர் கணக்கும் உண்டு: மேஜர் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்றும், கப்டன் கால்வே அதிற் பாதிக்கு மேல் என்றும், தெருக்கள் போட்ட ஸ்கின்னர் ஏறத்தாழ அவ்வளவே என்றும் ரெனன்ற் எழுதுகின்றார். றொஜர்ஸ் பதுளைப் பகுதியின் அரசாங்க அதிகாரி. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். (இதனைத் தெய்வ தண்டனை என்பாருமுண்டு. வரலாற்று மாணவனுக்கு அது விளக்கமாகாது.) இவர்கள் யாவரும் படையினர், தெருப் போடுவோர், நிர்வாகிகள் என்பது நோக்கத்தக்கது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டை அரசின் உடைமையாக்கிற்று. தெரு காட்டைத் தோட்டத்துடன் இணைத்தது. யானை அவ்விரண்டுக்கும் இடையூறாக நின்றது.

இதே ரெனன்ற்தான் 1845 முதல் 1850 வரை இந்நாட்டின் குடியேற்றச் செயலாளர். 1848இல் தேசாதிபதி தொறிங்ரனின் ஆட்சியில் விதிக்கப்பட்ட புதிய வரிகளை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கடைகளுக்கும் நாய்களுக்கும் வரி விதிக்கப்பட்டதோடு துவக்குகளுக்கும் வரி விதிக்கப்பட்டது; ஆண்டுதோறும் தெருவேலை செய்யும் கட்டாயமும் கூடியது. இந்நாட்டு விவசாயிக்கு நாயும் துவக்கும் பொழுதுபோக்குப் பொருள்கள் அல்ல. பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் சேனையைக் காக்கும் உற்பத்திக் கருவிகள். அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இவ்வரிகள் உடனடிக் காரணமாயின. புரன் அப்பு ஆகஸ்ட் மாதத்திற் சுடப்பட்டார். யானையைக் கொல்வோருக்குச் சன்மானம் கொடுத்த கருவூலம் யானையிடமிருந்து பயிரைக் காக்க வேண்டியவனிடம் துவக்கு வரி கேட்டது. கிளர்ச்சியை ‘அறியாமை மிக்க சனங்களின் கலகம்’ என ஒதுக்கும் எழுத்தாளர்கள் இவ்விரு கணக்கேடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்லை.

இனித் துவக்குக்கு வருவோம். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1854இல் வெளியான தமது வேட்டை நூலிலே ஆயுதங்களைப் பற்றி விரிவாக ஆராய்கின்றார். சுரியற்ற குழல் துவக்கை அவர் பெரிதாக மதித்தாரல்லர். பாரமான சுரிகுழல் துவக்கையே, அதாவது றைபிளையே வற்புறுத்தினார். அவரது நாலு அவுன்சுத் துவக்கின் எடை 21 இறாத்தல். அதற்கு ஒருமுறை இடும் மருந்து 16 திராம், அதாவது ஓர் அவுன்சு. இவை தவிரப் பத்தாம் இலக்க இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு வைத்திருந்தார். இலக்கம் என்பதன் பொருள் எளிது: குழலின் வாய்க்குச் சரியாக அமையும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் ஆகுமோ அதுவே அதன் இலக்கம். ஆகவே இலக்கம் குறையக் குழல் பெருக்கும். இன்று நம் ஊர்களிற் காணப்படும் பன்னிரண்டாம் இலக்கச் சொட்கனின் குழல் வாய் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர்.

பேக்கர் பாரத்தை நம்பியதற்குக் காரணம் உண்டு. கரிமருந்தினால் குண்டுக்குக் கொடுக்கத்தக்க வேகத்துக்கு ஓர் எல்லை இருந்தது. வேகத்தைக் கூட்ட இயலாதபோது நிறையைக் கூட்டுவதே வழி. யானையின் மூளையை எட்டுவதற்குக் குண்டு தடித்த எலும்பறைகளைத் துளைத்துச் செல்லவேண்டும். மென்மையான ஈயம் வழியிலே நசுங்கிவிடலாம். எனவே பத்துப் பதினைந்து அடிவைப்புத் தூரம்வரை நெருங்கி நெற்றியிற் சுடுவது இங்கு வழக்கமாயிற்று. பின்னர் ஆபிரிக்காவுக்குச் சென்ற பேக்கர், அங்குள்ள யானையின் மண்டை அமைப்பு வேறாகையால் அந்த நெற்றிவெடி பயன்படாதெனக் கண்டார். தடுத்து வீழ்த்தும் வலு குண்டினுள் உறையும் ஒரு பண்பன்று. குண்டுக்கும் குறிப்பிட்ட உடலுக்கும் தூரத்துக்கும் இடையிலான உறவு அது. இன்னொன்றையும் மறத்தலாகாது. வாய்வழி மருந்திடும் துவக்கை யானை பாய்ந்துவரும்போது மீண்டும் நிரப்ப முடியாது. ஆகவே துரையின் பின்னால் மேலதிகத் துவக்குகளைச் சுமந்து கூலியாட்கள் நின்றனர். ஓடாமல் நிற்பது அவர்களது கடமை; பெயர் பெரும்பாலும் துரையுடையது.

சொட்கனுக்கும் றைபிளுக்கும் உள்ள வேறுபாட்டை எண்களிற் சொன்னால் வியப்பாயிருக்கும். பன்னிரண்டாம் இலக்கச் சொட்கனிலிருந்து ஓர் அவுன்சு ஒற்றைக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,560 அடி வேகத்திற் புறப்படுகின்றது. 1910ஆம் ஆண்டின் ·303 றைபிள் குண்டின் நிறை 174 கிறெயின், அதாவது அவுன்சில் ஐந்தில் இரண்டு. அதன் வேகமோ 2,440 அடி. குழல்வாயில் இரண்டின் இயக்கச் சக்தியும் ஏறக்குறைய ஒன்றே: 2,300 அடி இறாத்தலை ஒட்டியது. ஆனால் நூறு யார் கடந்ததும் மொட்டையான சொட்கன் குண்டு தன் சக்தியிற் பாதிக்கு மேல் இழந்துவிடும். ஒடுங்கிய றைபிள் குண்டோ பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளும். சிறுகுண்டுகள் நிரப்பிய தோட்டாவின் நிலை இன்னும் வேறு. நாற்பது யாருக்கு அப்பால் அவை பரந்து வலுவிழக்கின்றன. மானோ மரையோ காயத்தோடு ஓடிக் காட்டுக்குள் நாட்கணக்கிற் கிடந்து சாகின்றது. அண்மையிலெனின் அதே சிதறல் வேட்டைக்காரனுக்கு உதவுகின்றது. ஆகவே சொட்கன் நெருங்கத் தெரிந்தவனின் ஆயுதம். றைபிள் தூரத்தை விலைகொடுத்து வாங்கக்கூடியவனின் ஆயுதம்.

புகையற்ற மருந்து 1884இற் பிரான்சிற் கண்டுபிடிக்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. சிறிய, உறையிட்ட, மிகுவேகக் குண்டுகள் வந்தன. ஆனால் 1895இற் சித்திராலில் நடந்த எல்லைப்புறப் போரின் பின்னர், ·303 குண்டு எதிரியின் உடலைத் துளைத்துச் சென்றுவிடுகிறது, அவனைத் தடுத்து நிறுத்துவதில்லை என்ற முறைப்பாடு பிரித்தானியப் படையினரிடையே எழுந்தது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆயுதச்சாலையில், முனையின் உறை நீக்கப்பட்டு உடலுள் விரியும் குண்டு செய்யப்பட்டது. 1899இல் ஹேக் மாநாடு அதனைத் தடைசெய்ய முனைந்தபோது, பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆடா எதிர்த்து வாதிட்டார். நாகரிகமடைந்த படைவீரன் காயமுற்றதும் போரை நிறுத்துவான், ‘காட்டுமிராண்டி’ அவ்வாறு நில்லான் என்பது அவ்வாதத்தின் சாரம். யானைக்கும் புலிக்கும் வகுத்த தருக்கம் மனிதனுக்கு அப்படியே பெயர்க்கப்பட்டது. அமெரிக்கரும் பின்தங்கவில்லை. பிலிப்பைன்சில் மோரோ மக்களைத் தமது ·38 கைத்துப்பாக்கி தடுக்கவில்லையென்று கண்டு, 1904இல் தொம்சன், லகார்ட் என்னும் இரு அதிகாரிகள் உயிருள்ள மாடுகளிலும் மனிதச் சடலங்களிலும் சுட்டுப் பரிசோதித்து, ·45க்குக் குறையாத குண்டு வேண்டுமென அறிக்கையிட்டனர்.

நமது நாட்டுக் கிராமத்தவனிடம் இருந்ததோ இடியன் துவக்கு. மருந்தை இடித்து இறுக்கி, ஈயமோ இரும்புத் துண்டோ கிடைத்ததை இட்டுச் சுடுவது. லெனாட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து, 1913இல் வெளியிட்ட நாவலிலே சிலிந்து என்னும் வேட்டைக்காரனிடம் இத்தகைய துவக்கொன்றைக் காண்கின்றோம். சேனைக்கான அனுமதிச்சீட்டும் தலைவரியும் கடனும் ஆராச்சியின் கையில் அவனுக்கு எதிரான கருவிகளாகின்றன. ஈற்றில் அவன் ஆராச்சியையும் வட்டிக்காரன் பெர்னாண்டோவையும் விலங்குகளைச் சுடுவதுபோற் சுட்டுக் கொல்கின்றான். அனுமதிச்சீட்டை வழங்கும் அதிகாரியாயிருந்த ஒருவர் அதன் கொடுமையை உள்ளிருந்து கண்டு எழுதியமையே அந்நாவலின் வலிமை. ஆயினும் சிலிந்துவின் செயலைக் கூட்டு எதிர்ப்பாக அவராற் காணமுடியவில்லை. அது அவரது வர்க்க நிலையின் எல்லை எனலாம்.

வனவிலங்குகள் அருகியதும் பழி இடியன் துவக்கின்மீது விழுந்தது. 1872இலும் 1891இலும் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. 1894இல் தோட்டத் துரைமார் முன்னின்று வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1900இல் யால ஒதுக்கிடமாயிற்று. அதன் ஒரு பகுதி ‘வதியும் வேட்டைக்காரர்’ எனப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் உரிமப் பத்திரத்தை இறுக்கிற்று. அனுமதிக் கட்டணம் செலுத்தி றைபிளாற் சுடுவது விளையாட்டு; பசிக்கோ விற்பனைக்கோ இடியனாற் சுடுவது திருட்டு வேட்டை. கிராமத்தவன் மாசற்றவன் என்பதும் ஒரு கற்பனையே. மான்தோலுக்கும் கொம்புக்கும் வணிகர் விலைவைத்தபின் நீர்நிலைகளின் அருகே பரண் கட்டி அவனும் கணக்கின்றிக் கொன்றான். ஆனால் விலைவைத்தவர் யார் என்ற வினாவை அச்சங்கத்தார் அதிகம் எழுப்பவில்லை.

பயிர்காக்க உரிமம் பெற்ற சொட்கன் சுதந்திரத்தின் பின்னரும் விவசாயியின் வீட்டில் இருந்தது. 1971 ஏப்ரலிற் கிளர்ந்த சிங்கள இளைஞர் பலர் பொலிஸ் நிலையங்களைத் தாக்கச் சென்றது இத்தகைய சொட்கன்களோடும் கையாற் செய்த குண்டுகளோடும்தான். இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே பன்னிரண்டாம் இலக்கத் தோட்டா எத்தனை யார் செல்லும் என்பது அவர்களுக்கு விரைவில் தெரியவந்தது.

இன்று காட்டோரங்களில் மிக அஞ்சப்படுவது கட்டுத்துவக்கு. இரும்புக் குழாயொன்று, சிறிது மருந்து, விலங்கு செல்லும் பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. குறிபார்க்க ஆள் வேண்டியதில்லை. பன்றிக்கெனக் கட்டியதில் சிறுத்தையும், விறகு வெட்டப் போனவனும் அகப்படுகின்றனர். யானைகளோ உணவுள் மறைத்த வெடியை மென்று, தாடை சிதறிப் பட்டினியால் இறக்கின்றன. 2023இல் நாட்டில் இறந்த யானைகள் 400க்கு மேல். யானைகளால் உயிரிழந்த மனிதர் நூற்றுக்கு மேல். அம்மனிதருட் பெரும்பாலோர் உலர்வலயத்துச் சிறு விவசாயிகள்.