டின்னில் இருக்கும் இந்தியா

போன சனிக்கிழமை மால்ட் பாகு டின்னை உடைத்து, ஹாப்ஸைக் கைகொள்ளாமல் அள்ளிப்போட்டு, வீட்டிலேயே டபுள் ஐபிஏ பீர் காய்ச்சினேன். ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல். "நம்ம ஊர்ல கண்டுபிடிச்சதாப்பா?" என்று மகனுக்கு ஒரே பெருமை.

இல்லடா கண்ணா. 1790களில் லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையிலிருந்து கப்பலேறி வந்த பீரின் வாரிசு இது. மாதக்கணக்கான கடல் பயணத்தில் கெடாமல் காத்தது ஹாப்ஸ். இங்கே அதைக் குடித்தவர்கள் கம்பெனி வெள்ளைக்காரர்கள். 1822க்குப் பின் பர்ட்டன் ஆலைகளும் போட்டிக்கு வந்தன. 'டபுள்' ஆனது 1994ல், கலிபோர்னியாவில் வின்னி சிலர்சோ கையில்.

வலியசாலை அக்கிரகாரத்தில் நான் பார்த்த புளிப்பு தோசை மாவு மட்டும்தான். ஊரில் இருக்கும் அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை :-) ஆனால் டின்னில் பார்த்ததுதான் இந்தியா என்று பையன் நினைத்துவிடக் கூடாது. இந்த லீவுக்கு வலியசாலை போக டிக்கெட் போட்டாச்சு.