மரக்கத்தியும் கூர்க்கத்தியும்

ஆயுதக் கலை பயில்வோரிடையே பழைய வினா ஒன்றுண்டு. மரக்கத்தியாற் பயில்வது விளையாட்டு, கூர்க்கத்தியாற் பயில்வதே கல்வி என்பர் சிலர். கண்டி நாட்டு அங்கம்பொரக் கலையின் வரலாற்றோடு வைத்து இதனை நாம் ஆராய்தல் பயனுடைத்து.

அங்கம்பொரவில் வெறுங்கைப் போர் ‘அங்கம்’ எனவும், ஆயுதப் போர் ‘இலங்கம்’ எனவும் வழங்கும். இதனையொத்த மலையாள நாட்டுக் களரியிற் படிமுறை தெளிவானது. முதலில் உடற்பயிற்சியான மெய்த்தாரி. அடுத்து மர ஆயுதங்களுக்குரிய கோல்த்தாரி. அதன்பின்னரே உலோக ஆயுதங்களுக்குரிய அங்கத்தாரி. காரணம் வெளிப்படை. மரக்கத்தி ஏந்தியவர் முழு வேகத்துடன் தாக்கலாம். தவறினைக் கண்டு திருத்தலாம். கூர்க்கத்தி ஏந்தியவரோ தோழனுக்கு ஊறு நேருமென அஞ்சித் தாக்குதலைப் பாதியில் நிறுத்துவர். இருவரும் பொய்யையே பழகுவர். ஆயினும் மரத்திற்கும் குறையுண்டு. அலகைக் கையாற் பற்றும் அசட்டுத் துணிவை அது வளர்க்கும். ஆதலின் மரக்கத்தியைக் கூரியதெனவே கருதிப் பழகுதலும், கூர்க்கத்தியை இறுதியில் தனித்து நின்று வீசிப் பழகுதலும் தக்க நெறியாகும்.

கண்டியரசின் படையினருட் பெரும்பாலோர் உழவர். அரசகாரிய முறைப்படி நிலம் பெற்றோர் போர்க்காலத்திற் படைக்கு வந்தனர். பயிற்சியில் விரலிழந்தவன் அடுத்த போகத்திற்கு ஏர் பிடிப்பது எங்ஙனம்?

கூர்வாளின் கொடுமையை அதிகாரமே காட்டிற்று. 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கையாற் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1817இல் மூண்ட ஊவா-வெல்லச எழுச்சியை அடக்க அவர்கள் வயல்களையும் வீடுகளையும் அழித்தனர். 1818 நவம்பர் 26ஆம் நாள், எழுச்சித் தலைவர் கெப்பெட்டிபொல கண்டிப் போகம்பரையிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அக்காலத்தில் அங்கம்பொரவும் தடைசெய்யப்பட்டு, பயிற்சிக் குடில்கள் எரிக்கப்பட்டன என்பது ஆசான் மரபினர் கூற்று.

எஃகைப் பறித்தல் எளிது. உடலிற் படிந்த அறிவைப் பறித்தல் அரிது. எம்பக்கே தேவாலயத்து மரத்தூண்களில் மல்லர் இன்றும் பிணைந்து நிற்கின்றனர். எசல பெரஹராவிற் கோலாட்டக்காரர் கோலோடு கோல் மோதிச் செல்கின்றனர். விழா முடிவிற் கெட்டம்பேயிலே வாள் மகாவலியின் நீரை மட்டும் வெட்டுகின்றது.

1983இலும் 2018இலும் இனவெறித் தீயைக் கண்டது இக்கண்டி மாவட்டம். இங்கே இக்கலையை விரும்பும் இளைஞர்க்கு, அவர் எவ்வினத்தவராயினும், முதலில் மரக்கத்தியையே கொடுப்போம். எதிரே நிற்பவன் நாளையும் பயில வரவேண்டிய தோழன் என்பதை அவர்கள் அதனாற் கற்பார்கள்.