அடுப்பின் மேல் பரண்

பழைய இரும்புப் பீப்பாய் ஒன்றை எடுத்து, அடியில் விறகு வைக்க ஒரு வாய் வெட்டி, நடுவே கம்பிவலை பொருத்தி, மேலே மூடி போட்டால் உணவைப் புகையில் வாட்டும் பெட்டி தயார். மேற்கு நாடுகளில் இப்படிப் பெட்டி செய்வது பலருக்கு விடுமுறைப் பொழுதுபோக்கு. இறைச்சியில் புகை மணம் ஏறினால் அவர்களுக்குப் போதும். கெடாமல் காக்கக் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. இந்தப் பீப்பாயை வட தமிழ்நாட்டின் ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோனால் புதுமைப் பொருளாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த மலையின் பழைய மண்வீடே ஒரு புகைப்பெட்டி என்பது என் வாதம். அடுப்புக்கு மேலே, கையை உயர்த்தினால் எட்டும் இடத்தில், மூங்கில் பரண். கூரையில் புகைபோக்கி கிடையாது. எழும் புகை பரணைச் சுற்றித் தேங்கி, கூரைப் புல்லின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும். மூங்கிலும் கொடியும் காடு தந்தவை, மண் அங்கேயே தோண்டியது. காசு கொடுத்து வாங்கியது என்று சொல்ல எதுவும் இல்லை. தனியே ஒரு கருவியாக அது இல்லாததால்தான் வரலாற்றில் அதற்கு இடமும் இல்லாமல் போயிற்று. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையைப் படிக்கலாம். அடுப்படியைத் தேடி அந்தத் தொகுதிகளை யாரும் புரட்டுவதில்லை.

அடுப்பிலிருந்து புகை தானாக எழுகிறது, பரணில் இருப்பது தானாகக் கறுக்கிறது, இதில் நோக்கம் எங்கே என்று கேட்கலாம். விடை மலையின் பயிர்க் காலத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையின் முதன்மைத் தானியம் சாமை. ஆனி, ஆடியில் விதைத்தால் புரட்டாசி, ஐப்பசியில் கதிர் அறுப்பு. தென்மேற்குப் பருவமழையின் வால் இன்னும் அறுந்திராத, வடகிழக்குப் பருவமழை தலைகாட்டுகிற நாட்கள் அவை. விளைச்சல் வீடு வந்து சேரும்போது வெயில் கைவிட்டுவிடுகிறது. வானம் தெளிந்த மலை என்றுதானே வானியலாளர் வைணு பாப்பு 1960களில் இம்மலையிலுள்ள காவலூரைத் தொலைநோக்கிக்குத் தேர்ந்தெடுத்தார் என்று ஒருவர் மறுக்கக்கூடும். உண்மைதான். ஆனால் அந்தத் தெளிவு பெரும்பாலும் தை முதல் சித்திரை வரைக்குமானது; மழை மாதங்களில் வானியலாளருக்கும் அங்கே வேலை குறைவு. உழவரோ அந்த மாதங்களில்தான் ஈரத் தானியத்தோடு நிற்கிறார். அடுப்பு மட்டும் மழை பார்ப்பதில்லை.

பரணில் இருந்த எல்லாவற்றுக்கும் புகை ஒரே அளவில் தேவைப்பட்டதில்லை. சாமை சிறுமணி, உமியோடு காய்ந்துவிட்டால் பூச்சி அதை அதிகம் சீண்டாது, தொம்பை என்னும் தானியக் குதிரில் கொட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மொச்சை, அவரை, துவரை கதை வேறு. வயலிலேயே வண்டு முட்டையிட்டு, வீட்டுக்கு வந்தபின் பருப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அடுத்த பட்டத்துக்கு வைத்த விதை இப்படிப் போனால் அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டு அவரை இல்லை. ஆகவே விதை மூட்டையும் சோளக் கதிரும் இறைச்சித் துண்டும் அடுப்புக்கு நேர் மேலே போயின. விறகு முழுதாக எரியாதபோது எழும் புகையில் ஃபீனால் வகைச் சேர்மங்கள், ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம் எல்லாம் உண்டு. இவை பூஞ்சணத்தையும் பாக்டீரியாவையும் தடுக்கின்றன, இறைச்சிக் கொழுப்பு சிக்கடிப்பதைத் தள்ளிப்போடுகின்றன. கூடவே வரும் இளஞ்சூடு ஈரத்தை வாங்கி, விதையில் வண்டு பெருகுவதையும் குறைக்கிறது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ரப்பர்த் தகடுகளைப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டதும் இதே பூஞ்சணத்துக்கு எதிராகத்தான். கூரைப் புல்லும் இந்தப் புகையால்தான் கரையான் ஏறாமல் நின்றது.

கடுமையான மறுப்பு இலக்கியத்திலிருந்து வருகிறது. செங்கம் ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். அந்த ஊருக்குரிய குறுநில மன்னன் நன்னனைப் பாடிய சங்க நூலான மலைபடுகடாம், கூத்தர் போகும் மலைவழியை அடியடியாகச் சொல்லும் பாட்டு. வழியில் செத்துக்கிடக்கும் காட்டுப்பன்றியைக் கண்டால் மூங்கில் உரசி எழுந்த தீயில் வாட்டித் தின்னலாம் என்று சொல்லும் அதன் புலவர் பெருங்கௌசிகனார், புகை நாற்றம் ஏறாமல் வாட்டச் சொல்கிறார். அந்தப் பகுதி மலையைப் பாடிய புலவரே புகை மணத்தைக் குறையாகக் கருதியிருக்க, புகைப் பரண் எப்படி மரபாகும்? இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். தமிழ் நாக்குக்குப் புகை ருசி பிடித்தமானதல்ல. சமவெளியில் கறி கெடாமல் காக்க உப்புக்கண்டம்தான் வழி, கடற்கரையில் கருவாடு. ஆனால் இவ்விரண்டுக்கும் தாராளமான உப்பும் கொளுத்தும் வெயிலும் வேண்டும். மலையில் உப்பு கீழிருந்து வாங்கிவர வேண்டிய பண்டம். அறுவடைக் காலத்தில் வெயிலும் அரிது. பாட்டில் கூத்தர் மிஞ்சிய கறியைப் பொதிகட்டி எடுத்துப் போகிறார்கள்; அது ஒன்றிரண்டு நாள் பயணத்துக்கான கறி. மாதக்கணக்கில் வைப்பவருக்கு மணம் பொருட்டல்ல. வெயில் கொளுத்தும் மாலத்தீவிலேயே சூரை மீனை அவித்து, புகையூட்டி, பிறகுதான் காயவைத்து மாசிக்கருவாடு செய்கிறார்கள். புகையை அங்கேயும் யாரும் ருசிக்காகக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது? திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் புதிய கற்காலக் குடியிருப்பும் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. மலையைச் சுற்றிய நிலத்தில் பயறு அவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கு இது சான்று. பரணுக்குச் சான்றல்ல, கருகிய பயறு தீக்குப் பக்கத்தில் இருந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் இழுக்கக் கூடாது. மூங்கில் மக்கிவிடும், மண்ணில் மிஞ்சுவதில்லை.

பரணிலிருந்து முதலில் இறங்கியது இறைச்சி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக் கறிக்கு அங்கே இடமில்லை. 1980களில் நாடெங்கும் புகையில்லா அடுப்புத் திட்டம் பரவியது. புகையைக் குழாய் வழியே வெளியே அனுப்பும் அந்த அடுப்பைப் பல இடங்களில் மக்கள் கைவிட்டார்கள். காரணங்கள் பல; கூரைக்கும் கூலத்துக்கும் கிடைத்துவந்த காவல் போய்விட்டது என்பதும் அவற்றுள் ஒன்று. பிறகு தொகுப்பு வீடு, இலவச எரிவாயு அடுப்பு, 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2016இல் உஜ்வாலா எரிவாயு இணைப்புத் திட்டம். கான்கிரீட் கூரைக்குப் புகையின் காவல் தேவையில்லை. இதைக் கேட்டுப் பழைய அடுப்பே மேல் என்று எவராவது முடிவுகட்டினால் அவர் அந்த அடுப்பை ஊதியவர் அல்லர். 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் வீட்டுக்குள் எழும் புகையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விதையைக் காத்த அதே புகையைத்தான் பெண்களும் கைக்குழந்தைகளும் நாள்தோறும் சுவாசித்தார்கள்.

எனவே கேள்வி புகை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல, அது எங்கே இருக்க வேண்டும் என்பதுதான். கானாவில் அக்ராவை ஒட்டிய சோர்கோர் மீனவக் குடியிருப்பில், மீன் வாட்ட மண் அடுப்பும் பழைய எண்ணெய்ப் பீப்பாயும் புழங்கிவந்தன. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவற்றைத் திருத்தி, தட்டுகளை அடுக்கும் அடுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். குறைந்த விறகில் அதிக மீன். பழைய பொருளில் செய்த புகைப்பெட்டி அந்த வகையில் ஜவ்வாது மலைக்கும் பொருந்தும்: அது சமையலறையிலிருந்து கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்த பரண். ஆனால் மேற்கத்திய மாதிரியை அப்படியே எடுத்தால் காரியம் கெடும். துத்தநாகம் பூசிய தகரமும் கம்பிவலையும் கடும் சூட்டில் நச்சுப் புகை விடும். ரசாயனம் வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு ஆகாது. அதைவிட முக்கியமானது வெப்பம். இறைச்சிக்கான பீப்பாயில் நெருப்பு நேர் கீழே இருக்கும், உள்ளே கை வைக்க முடியாது. மொச்சை விதைக்கு அந்தச் சூடு ஆகாது. முளைக்கும் உயிர் போய்விடும். பழைய பரண் எட்டும் உயரத்தில் இருந்ததால் புகை ஆறித்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. பீப்பாயில் அதே ஆறிய புகை வேண்டுமென்றால் அடுப்பைத் தள்ளி வைத்து, இடையில் ஒரு நீளமான மண்குழாய் கொடுக்க வேண்டியிருக்கும்.