ஓலை தேர்ந்த கை

எழுத்தாணி கீறும் நுண்ணெழுத்து நிலைப்பதற்கு ஓலைத் தேர்வே அடிப்படை. மிக இளையது சுருங்கும்; மிக முற்றியது பிளக்கும். ஆதலின் இடைப்பட்ட பருவத்து ஓலையையே முன்னோர் கொண்டனர். நாட்டுப்பனை ஓலை தடித்தது, விறைப்பானது. தாளிப்பனை ஓலை மெல்லியது, அகன்றது, வளைந்து கொடுப்பது. எவ்வோலையாயினும் வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டுப் பாடம் செய்த பின்னரே எழுதினர். கீறிய வரியில் கரி கலந்த மையைத் தடவினர். ஓலை துளைபடும் என்றஞ்சி, மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர்.

அத்தகைய ஏடுகளை ஒப்பிட்டும், கும்பகோணத்துச் சமணப் பெரியோரிடம் பொருள் கேட்டுத் தெளிந்தும், உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஓலை தேர்ந்த கையும் அதனைப் பேணிய கையும் இல்லையேல் அப்பதிப்பு இல்லை. இன்றும் பரணில் ஏடு வைத்திருக்கும் இல்லத்தார், ஓலை அறிந்தவர் துணையுடன் அதனைத் துடைத்து, மையாடிப் பேணுதலே அம்முன்னோர்க்குச் செய்யும் கைம்மாறு.