நாட்கூலியும் நீதிபீடமும்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது இன்று ஏறத்தாழ எல்லா நாடுகளும் வாயளவிலேனும் ஏற்றுக்கொண்ட கோட்பாடாகும். ஆனால் நீதிமன்றத்துக்குச் சாட்சியாகப் போவதற்கும், அங்கு யூரராக அமர்ந்து தீர்ப்புக் கூறுவதற்கும் ஒருவனுக்கு ஒரு நாள் வேண்டும். சில வேளைகளிற் பல நாட்கள் வேண்டும். அந்நாட்களின் கூலியை யார் கொடுப்பது? மிகச் சிறிய வினாவாகவே இது தோன்றும். எனினும் வரலாற்றை ஊன்றி நோக்குவோமாயின், நீதிபீடம் எந்த வர்க்கத்தாரின் கையில் இருந்தது என்பதைப் பெரும்பாலும் இச்சிறு வினாவே தீர்மானித்து வந்திருக்கிறது என்பது புலனாகும்.

இவ்வினாவுக்கு முதன்முதலில் நேரடியாக விடை கண்டது பண்டைய அதென்ஸ் நகரம். அங்கு நீதிமன்றம் என்பது பொதுமக்களின் கூட்டமே. முப்பது வயதைக் கடந்த குடிமக்களிலிருந்து ஆண்டுதோறும் 6,000 பேர் திருவுளச்சீட்டு முறையில் தெரிவு செய்யப்பட்டனர். ஒரு வழக்கை 201 பேரோ, 501 பேரோ, சில வேளைகளில் அதனிலும் கூடிய தொகையினரோ விசாரித்தனர். கி. மு. 462 அளவில் எபியால்தீஸ் என்பவன் பிரபுக்களின் பழைய மன்றமாகிய அரியோபாகசின் அதிகாரங்களைப் பறித்து மக்கள் மன்றங்களுக்கு வழங்கினான். அதிகாரம் சட்டத்தில் மக்களுக்கு வந்துவிட்டது. ஆனால் நாள் முழுவதும் மன்றத்தில் இருந்தால் அன்றைய அடுப்பு எரிவது எப்படி? உரிமை இருந்தும் அதனை அனுபவிக்க வகையற்றிருந்தான் ஏழைக் குடிமகன்.

பெரிக்கிளிஸ் இதற்கு வழி கண்டான். மன்றத்தில் அமர்வோருக்கு அரசே நாட்படி கொடுக்கும் வழக்கத்தை அவன் ஏற்படுத்தினான். முதலில் அது இரண்டு ஓபோல் என்பர்; கி. மு. 425 அளவில் கிளியோன் அதனை மூன்று ஓபோலாக உயர்த்தினான். ஆறு ஓபோல் சேர்ந்தது ஒரு திராக்மா. அந்நூற்றாண்டின் இறுதியில் எரெக்தியம் கோயிலைக் கட்டியபோது எழுதப்பட்ட கணக்குகள் கல்வெட்டுக்களாக இன்றும் உள்ளன. கைத்தொழிலாளி ஒருவனின் நாட்கூலி ஒரு திராக்மா என்பதை அவை காட்டுகின்றன. ஆகவே யூரரின் படி தொழிலாளியின் கூலியிற் பாதியே. அதைக் கொண்டு எவனும் செல்வனாகிவிடவில்லை. பட்டினியின்றி ஒரு நாளைக் கழித்தான், அவ்வளவே.

இந்த அற்பத் தொகை எழுப்பிய எதிர்ப்பைப் பார்க்கும்போதுதான் அதன் பெறுமதி விளங்குகிறது. கி. மு. 422இல் அரிஸ்ரோபனீஸ் அரங்கேற்றிய 'குளவிகள்' என்னும் நாடகம், மூன்று ஓபோலுக்காக விடியுமுன்பே மன்றத்துக்கு ஓடும் கிழவர்களை எள்ளி நகையாடியது. ஆனால் நகைப்பின் நடுவே, இன்று மன்றம் கூடாவிட்டால் நாம் எதைக்கொண்டு உண்பது என்று தகப்பனைச் சிறுவன் ஒருவன் கேட்கும் இடமும் அந்நாடகத்தில் உண்டு. எள்ளி நகையாட வந்த கவிஞனே உண்மையையும் சொல்லிவிட்டான். படி கொடுத்ததனால் மக்கள் சோம்பேறிகளாகவும் வாயாடிகளாகவும் ஆயினர் என்ற குற்றச்சாட்டைப் பிளேட்டோவின் உரையாடல் ஒன்று எடுத்துக்கூறுகிறது. பரம்பரைச் செல்வத்தில் வாழ்ந்து மன்றமேறியவர்களைச் சோம்பேறிகள் என்று அக்குற்றச்சாட்டைக் கூறியோர் அழைக்கவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

கி. மு. 411இல் செல்வர் குழுவொன்று ஆட்சியைக் கைப்பற்றியது. அது செய்த முதற் காரியங்களுள் ஒன்று, மிகச் சில பதவிகள் நீங்கலாக, பொதுப் பணிகளுக்குரிய படிகளை ஒழித்தமையாகும். மக்களின் உரிமையைப் பறிக்க வாள் மட்டும் போதாது, அவர்களின் நாட்படியையும் பறிக்கவேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அரிஸ்ரோட்டில் இதனை இன்னும் கூர்மையாகக் கண்டான். செல்வர் ஆட்சிகளில், மன்றத்துக்கு வராத செல்வனுக்குத் தண்டம் விதிக்கப்படுகிறது. வரும் ஏழைக்கு எதுவும் கொடுக்கப்படுவதில்லை. மக்களாட்சிகளில் ஏழைக்குப் படி உண்டு. வராத செல்வனுக்குத் தண்டம் இல்லை. இரண்டையும் இணைப்பதே நடுவழி என்றான் அவன். ஓர் அரசின் வர்க்க இயல்பை அதன் வாசகங்களிலன்றிக் கொடுப்பனவுகளிற் காணலாம் என்பதே இதன் பொருள் எனலாம்.

ஆயினும் அதென்சைப் பொற்காலமாக்கிப் போற்றுவது எமது நோக்கமன்று. எரெக்தியம் கணக்குகளின்படி குடிமகனும், அயலானும், அடிமையும் அருகருகே நின்று வேலை செய்தனர். ஒரே நாட்கூலியே அவர்களுக்கு எழுதப்பட்டது. அவர்களுள் குடிமகன் ஒருவனே மன்றத்தில் அமரலாம். பெண்களுக்கும் அங்கு இடமில்லை. மூன்று ஓபோல் திறந்த கதவு குறுகியதே.

பிற்கால யூரி முறையின் தாயகம் இங்கிலாந்து. அங்கு இந்த வினா வேறொரு விதத்தில் 'தீர்க்கப்பட்டது'. கூலியை இழப்பவனை அழைக்காமலே விட்டுவிட்டனர். யூரராவதற்குக் குறிப்பிட்ட பெறுமதியுள்ள நிலமோ வீடோ வேண்டும் என 1825ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பெண்கள் 1919இல் அனுமதிக்கப்பட்டனர். ஆயினும் வீடு கணவனின் பெயரில் இருந்தமையால் மிகப் பலர் வெளியிலேயே நின்றனர். இழந்த சம்பாத்தியத்துக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாடு 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே வந்தது. சொத்து நிபந்தனையை ஒழிக்கும் சட்டம் 1972இல் நிறைவேறியது.

சொத்து நிபந்தனை சட்டத்தில் இல்லாத இடத்திலும் அதே விளைவு நேரலாம் என்பதற்கு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் எழுந்த வழக்கொன்று சான்று பகர்கிறது. 1934இல் துறைமுகத் தொழிலாளர் 83 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து வரலாறு படைத்த நகரம் அது. ஓடும் இரயிலின் யன்னலூடாகக் குதித்த பயணி ஒருவர், தமது மனநிலை பிறழ்ந்திருந்ததை அறிந்தும் இரயில்வே நிறுவனம் தம்மைக் காக்கத் தவறியது என்று நட்டஈடு கோரினார். யூரிமாரின் பட்டியலில் முதலாளிகளின் நோக்குடையோரே மிகுந்திருக்கின்றனர் என்றும் அவர் முறையிட்டார்.

விசாரணையில் உண்மை வெளிவந்தது. பட்டியல் தயாரித்த அதிகாரிகள் நாட்கூலி பெறும் எவரையும் வேண்டுமென்றே சேர்ப்பதில்லை. நகர விவரக்கொத்தில் ஒருவன் துறைமுகத் தொழிலாளி எனக் கண்டால் அவன் பெயரை விட்டுவிடுவர். அவர்கள் கூறிய காரணம் கருணை நிறைந்தது: யூரருக்குரிய படி நாளுக்கு 4 டொலர், மேசனோ தச்சுத் தொழிலாளியோ 10 டொலர் உழைப்பவன், எப்படியும் அவன் விலக்குக் கேட்பான், நீதிபதியும் கொடுப்பார். ஆகவே அழைப்பானேன்?

1946ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் இந்நடைமுறையை நிராகரித்தது. கடும் நட்டமடையும் தனியொருவனை விடுவிக்கலாம்; ஒரு வர்க்கம் முழுவதையும் ஒதுக்கலாகாது என்பது நீதியரசர் மேர்பி எழுதிய தீர்ப்பின் சாரம். நீதியரசர் பிராங்க்பேர்ட்டர் மாறுபட்டார். தொழிலாளி வர்க்கத்தினர் யூரியில் இல்லாமலில்லை என்றும், தொழிலாளிக்குச் சுமையைத் தவிர்க்கும் நல்லெண்ணமே இதன் பின்னிருந்தது என்றும் அவர் கருதினார். நல்லெண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் படியை உயர்த்துவதற்கு மாறாக ஆளை நீக்கும் நல்லெண்ணம் யாருக்கு நன்மை பயந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அத்தீர்ப்பு பெயரைப் பட்டியலில் ஏற்றியதேயன்றிக் கூலியைக் கொடுக்கவில்லை. அந்தப் பணி தொழிற்சங்கங்களுக்கும் மாநிலச் சட்டங்களுக்கும் விடப்பட்டது. பல சங்கங்கள் யூரர் கடமைக்குச் சம்பளத்துடனான விடுமுறையைக் கூட்டு ஒப்பந்தங்களிற் சேர்த்துக்கொண்டன. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் முதல் மூன்று நாட்களுக்குத் தொழில் கொள்வோர் வழமையான கூலியைக் கொடுக்கவேண்டும். அதன்பின் அரசு நாளுக்கு 50 டொலர் கொடுக்கும். 1978ஆம் ஆண்டின் மத்திய சட்டம், மத்திய நீதிமன்றங்களில் யூரராகச் சென்றவனை வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கிறது; ஆனால் கூலி கொடுக்கும்படி தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. வேலை மிஞ்சும், சோறு மிஞ்சாது என்ற நிலை! 2022இல் அதே சான்பிரான்சிஸ்கோவின் மாநில நீதிமன்றத்தில், குறைந்த வருமானமுடைய யூரிமாருக்கு நாளொன்றுக்கு 100 டொலர் வழங்கும் பரீட்சார்த்தத் திட்டம் தொடங்கியது. கலிபோர்னியாவில் வழமையாகக் கிடைத்தது இரண்டாம் நாள் முதல் 15 டொலரே. பெரிக்கிளிசின் வினாவை அந்நகரம் மீண்டும் கேட்கத் தொடங்கியது.

எமது நாட்டுக்கு யூரி முறை ஆங்கிலேயரால் 1811இல் வந்தது. மொழிவாரியான பட்டியல்களோடு வருமான, சொத்து நிபந்தனைகளும் அம்முறையில் இடம்பெற்றன. தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறித்தவர் மீது தீர்ப்புக் கூற முடிந்தது. அவர் தீர்ப்புக் கூறுவது நினைக்கவும் இயலாததாயிருந்தது. 1979ஆம் ஆண்டுச் சட்டம் யூரி விசாரணையைச் சில குற்றங்களுக்கு, எதிரி விரும்பினால் மட்டும் என்ற அளவில் வைத்திருக்கிறது.

ஆனால் யூரி அருகினாலும் சாட்சி அருகவில்லை. அழைப்பாணை பெற்ற நாட்கூலியாளன் அதிகாலையிற் பஸ் ஏறி நகருக்கு வருகிறான், நண்பகல்வரை காத்திருக்கிறான், வழக்கு வேறு தவணைக்குப் போகிறது. சட்டத்தரணிக்குக் கட்டணம் உண்டு. நீதிமன்ற ஊழியருக்கு மாதச் சம்பளம் உண்டு. உண்மையைச் சொல்ல வந்தவனே அன்று கூலி இழந்தவன். மூன்றாந் தவணைக்கு அவன் வராவிட்டால், ஏழைக்கு நீதியில் அக்கறையில்லை என்கிறோம். அவன் வராமையால் அஞ்சாது நிமிர்ந்து செல்பவன் யார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சம்பளத்துடனான விடுமுறை என்பதைச் சலுகையாகக் கருதும் மனப்பான்மை எம்மிடையே இன்னும் உண்டு. அது சலுகையன்று, நீதியின் விலை. அவ்விலையைச் சமுதாயம் கொடுக்காவிடின், ஏழை தன் அடுப்பிலிருந்து அதைக் கொடுக்கவேண்டியிருக்கும்; அவனால் இயலாதபோது நீதிபீடம் வசதி படைத்தோருக்கே உரியதாகிவிடும். சமத்துவத்தைப் பற்றி மாணவருக்குக் கற்பிக்கும்போது, அந்த மூன்று ஓபோலைப் பற்றியும் கற்பிப்போமாக.