திறன்பேசித் திரைப் பாதுகாப்பும் பழுதுநீக்கமும்

திறன்பேசித் திரைப் பாதுகாப்பும் பழுதுநீக்கமும் என்பது திறன்பேசிகளின் தொடுதிரையைக் கீறல், விரிசல், உடைவு ஆகியவற்றிலிருந்து காத்தலையும், அவை நேர்ந்த பின்னர் வீட்டிலேயே செய்யத்தக்க சீரமைப்புப் பணிகளையும் குறிக்கும். திறன்பேசியின் உறுப்புகளுள் எளிதில் உடையக்கூடியதும் மாற்றுவதற்குச் செலவு மிக்கதும் பெரும்பாலும் திரையே ஆகும். திரைப் பணிகளுள் சிலவற்றை எவரும் செய்யலாம். சிலவற்றை உரிய கருவிகளும் பொறுமையும் உடையவர்களே செய்ய இயலும். வேறு சில வீட்டில் செய்யத் தகாதவை. இவ்வேறுபாட்டை அறியாமல் முயன்றால் கருவி முற்றிலும் பழுதடையலாம். இலித்தியம் அயனி மின்கலம் தீப்பற்றும் இடரும் உண்டு.

திரையின் அமைப்பு

திறன்பேசித் திரை பொதுவாக மூன்று அடுக்குகளால் ஆனது.

* மேற்கண்ணாடி: விரல் படும் வெளி அடுக்கு. இது காப்பு மட்டுமே அளிக்கிறது. படம் எதையும் காட்டுவதில்லை.
* தொடு உணரி: விரல் நெருங்கும்போது ஏற்படும் மின்தேக்குதிறன் மாற்றத்தைக் கொண்டு, தொட்ட இடத்தைக் கண்டறியும் மெல்லிய அடுக்கு. பல புதிய திறன்பேசிகளில் இது காட்சிப் பலகத்துடனேயே இணைக்கப்பட்டுள்ளது.
* காட்சிப் பலகம்: படத்தை உருவாக்கும் அடுக்கு. இது நீர்மப் படிகக் காட்சியாகவோ (எல்.சி.டி.) கரிம ஒளியுமிழ் இருமுனையக் காட்சியாகவோ (ஓ.எல்.இ.டி.) இருக்கும்.

அண்மைக்காலத் திறன்பேசிகளில் இவ்வடுக்குகள் இடையில் காற்று இடைவெளி இன்றி, ஒளி ஊடுருவும் பசையால் ஒட்டப்படுகின்றன. இதனால் படம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மேற்கண்ணாடி மட்டும் உடைந்தாலும் அதைத் தனியே பிரித்தெடுப்பது கடினமாகிறது. வீட்டுப் பழுதுநீக்கத்தின் எல்லையைத் தீர்மானிப்பது இந்தப் பசையே எனலாம்.

மேற்கண்ணாடியின் வரலாறு

அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் கெம்கார் என்னும் வலுவூட்டப்பட்ட கண்ணாடியை உருவாக்கியது. அதற்குப் பெரிய சந்தை அமையவில்லை. 2007 சனவரி 9 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது அதன் திரையின் மேற்பரப்பு நெகிழியால் ஆனதாக இருந்தது. அதே ஆண்டு சூன் மாதம், விற்பனை தொடங்கும் முன்னர், நெகிழிக்கு மாற்றாகக் கண்ணாடி பயன்படுத்தப்படும் என அந்நிறுவனம் அறிவித்தது. கென்டக்கி மாநிலத்தின் ஆரட்சுபர்கு நகரிலுள்ள கார்னிங் ஆலையில் இக்கண்ணாடி உற்பத்தியானது. பின்னர் கொரில்லா கண்ணாடி என்ற பெயரில் இது பல நிறுவனங்களின் திறன்பேசிகளிலும் இடம்பெற்றது.

இக்கண்ணாடி அயனிப் பரிமாற்றம் மூலம் வலுவூட்டப்படுகிறது. சோடியம் கலந்த கண்ணாடித் தகட்டைச் சுமார் 400 பாகை செல்சியசு வெப்பநிலையில் உருகிய பொட்டாசியம் உப்பில் அமிழ்த்துவர். மேற்பரப்பிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, அவ்விடங்களில் பெரிய பொட்டாசியம் அயனிகள் நெருக்கியடித்து அமர்கின்றன. குளிர்ந்த பின்னர் மேற்பரப்பு அடுக்கு எப்போதும் அமுக்கத் தகைவுக்கு உட்பட்டதாக இருக்கும்.

கண்ணாடி உடைவதன் காரணம்

கண்ணாடி அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய குறைகளின் நுனியில் விசை குவிந்து விரிசல் பரவுகிறது என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921 இல் விளக்கினார். வலுவூட்டப்பட்ட கண்ணாடியின் அமுக்க அடுக்கு இக்குறைகளை மூடியவாறு இறுக்கி வைத்திருக்கிறது. ஆழமான ஒரு கீறல் அவ்வடுக்கைத் துளைத்துவிட்டால், அதன்பின் சிறிய வீழ்ச்சிகூடத் திரையை உடைக்கப் போதுமானது. பலமுறை விழுந்தும் உடையாத திரை ஒருநாள் மேசை உயரத்திலிருந்து விழுந்து உடைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே கீறலைத் தவிர்ப்பது வெறும் அழகு தொடர்பானது அன்று. உடைவைத் தவிர்ப்பதன் முதற்படியும் அதுவே.

மோவின் கடினத்தன்மை அளவுகோலில் திறன்பேசிக் கண்ணாடிகள் பெரும்பாலும் 6ஆம் படியில் கீறத் தொடங்குகின்றன. 7ஆம் படியில் கீறல் ஆழமாகிறது. செம்பு நாணயத்தின் கடினத்தன்மை ஏறத்தாழ 3. எஃகுக் கத்தியுடையது ஏறத்தாழ 5.5. எனவே சட்டைப்பையிலுள்ள சாவியும் நாணயமும் திரையைக் கீறுவது அரிது. மணலில் உள்ள குவார்ட்சின் கடினத்தன்மை 7 ஆகும். திரையின் உண்மையான எதிரி கடற்கரை மணலும் தெருப்புழுதியுமே.

பாதுகாப்பு முறைகள்

ஒட்டுத்தாள்கள்

* நெகிழிப் படலம்: மெல்லியது, விலை குறைந்தது. கீறலைத் தடுக்கும், வீழ்ச்சியின் தாக்கத்தைக் குறைப்பதில்லை.
* டி.பி.யு. படலம்: இரப்பர் போல நெகிழும். வளைந்த விளிம்புள்ள திரைகளுக்கு ஏற்றது.
* வன்கண்ணாடி: கடைகளில் டெம்பர்டு கிளாஸ் எனப்படுவது. பொதுவாக 0.2 முதல் 0.33 மில்லிமீட்டர் தடிப்புடையது. தாக்கத்தின்போது தான் உடைந்து திரையைக் காக்க உதவுகிறது. விரிசல் விட்ட வன்கண்ணாடியை உடனே மாற்றிவிட வேண்டும்.

வன்கண்ணாடி உறைகளில் அச்சிடப்படும் "9எச்" என்னும் குறி மோவின் அளவுகோலைச் சார்ந்தது அன்று. அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவாகும். வைரத்துக்கு அடுத்த கடினத்தன்மை என இதனைப் பொருள்கொள்வது தவறு.

ஒட்டுத்தாள் திரைக்கடியிலுள்ள கைரேகை உணரியைப் பாதிக்கக்கூடும். 2019 அக்டோபரில், சாம்சங் கேலக்சி எசு10, நோட்10 திறன்பேசிகளில் சிலவகைச் சிலிக்கான் உறைகளைப் பொருத்தியபோது பதிவு செய்யப்படாத விரல்களுக்கும் பூட்டு திறந்தது கண்டறியப்பட்டது. அந்நிறுவனம் மென்பொருள் இற்றைப்பாடு மூலம் அதனைச் சரிசெய்தது. ஒட்டுத்தாளை மாற்றியபின் கைரேகையை மீண்டும் பதிவு செய்வதும், பதிவு செய்யாத விரலால் திறந்து பார்ப்பதும் நல்லது.

வன்கண்ணாடி ஒட்டும் முறை

# மின்விசிறியை நிறுத்தி, கைகளைக் கழுவி உலர்த்த வேண்டும். சற்று முன்னர் வெந்நீர் திறந்துவிடப்பட்ட குளியலறையில் காற்றிலுள்ள தூசி படிந்திருக்கும் என்பதால் அது ஏற்ற இடம்.
# ஆல்ககால் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். எஞ்சிய துகள்களை ஒட்டும் நாடாவால் எடுக்க வேண்டும்.
# பாதுகாப்புத் தாளை உரிக்கும் முன்னரே கண்ணாடியைத் திரைமீது பொருத்தி, ஒரு பக்க விளிம்பில் இரு நாடாத் துண்டுகளை ஒட்டினால் அவை கதவின் கீல் போலச் செயற்பட்டு இடம் பிசகாமல் காக்கும்.
# தாளை உரித்து, கண்ணாடியை மெல்லத் தாழ்த்தி, நடுவில் மட்டும் அழுத்த வேண்டும். பசை தானாகவே விளிம்பு நோக்கிப் பரவும்.
# வெறும் காற்றுக் குமிழிகளை விளிம்புக்குத் தள்ளிவிடலாம். நடுவில் புள்ளி தெரியும் குமிழி தூசியால் உண்டானது. அவ்விடத்தை உயர்த்தி, நாடாவால் தூசியை எடுத்தாலன்றி அது மறையாது.

மேலுறை

திறன்பேசி மூலையில் விழும்போது விசை மிகச் சிறிய பரப்பில் குவிகிறது. ஆகவே மூலைகளில் தடித்த, திரையைவிடச் சற்று உயர்ந்த விளிம்புள்ள மேலுறை பயனுள்ளது. வன்கண்ணாடி, மேலுறை ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க இயலுமாயின், வீழ்ச்சியிலிருந்து காக்க மேலுறையே சிறந்த தேர்வு.

பழுதைக் கண்டறிதல்

* படமும் தொடுகையும் சீராக இருந்து விரிசல் மட்டும் தெரிந்தால், மேற்கண்ணாடி மட்டுமே உடைந்துள்ளது.
* கறுப்புத் திட்டு, வண்ணக் கோடுகள், பரவும் கறை ஆகியன காட்சிப் பலகம் சேதமடைந்ததைக் காட்டும். இதற்கு மாற்றீடு தவிர வேறு வழியில்லை.
* தொடாமலே திரை தானாக இயங்குவது தொடு உணரி பழுதின் அறிகுறி. முதலில் ஒட்டுத்தாளை நீக்கியும் மின்னேற்றியைக் கழற்றியும் பார்க்க வேண்டும்.
* திரை இருண்டிருந்தும் அழைப்பு ஒலி கேட்டால், பலகம் உடைந்திருக்கலாம் அல்லது உள்ளிணைப்பு விலகியிருக்கலாம்.
* திரை ஓரத்தில் மேலெழும்பி இடைவெளி தெரிந்தால் பசை விட்டுவிட்டது எனக் கருதி அழுத்தலாகாது. மின்கலம் உப்பித் திரையைத் தள்ளியிருக்கக்கூடும். இந்நிலையில் மின்னேற்றத்தை நிறுத்தி, கருவியை அணைத்து, பழுதுநீக்குநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

உடைந்தவுடன் செய்யவேண்டியவை

# விரிசல் மீது அகன்ற ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்ட வேண்டும். இது கண்ணாடித் துகள் விரலிலும் கன்னத்திலும் குத்துவதைத் தடுக்கும். ஈரம் புகுவதையும் குறைக்கும்.
# தரவுகளை உடனே காப்பெடுக்க வேண்டும். இன்று தொடுதல் இயங்கினாலும் விரிசல் பரவியபின் நாளை இயங்காமற் போகலாம்.
# தொடுதல் இயங்காது படம் மட்டும் தெரியும் ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில், ஓ.டி.ஜி. இணைப்பி வழியாகக் கணினிச் சுட்டியைச் செருகிப் பூட்டைத் திறந்து தரவுகளை மீட்கலாம்.

தவிர்க்கவேண்டியவை

* பற்பசை, சமையல் சோடா: இவை தேய்பொருட்கள். கண்ணாடிக் கீறலை நிரப்புவதில்லை. விரல் எண்ணெயை விலக்கும் மேற்பூச்சையே தேய்த்து அகற்றுகின்றன.
* உடனொட்டுப் பசை: இதன் ஆவி வெண்படலமாகப் படியும். விரிசல் வழியே உட்புகுந்து பின்னர் திரையைப் பிரிப்பதையும் கடினமாக்கும். கண்ணாடி இழந்த வலிமை இதனால் திரும்புவதில்லை.
* அரிசி: நனைந்த திறன்பேசியை அரிசியில் புதைப்பது பரவலான வழக்கம். சிறு துகள்கள் கருவியைச் சேதப்படுத்தக்கூடும் என ஆப்பிள் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதனைத் தவிர்க்கச் சொல்கிறது.
* வெளுப்பான்: திரையைத் துடைக்க உகந்ததன்று.

வீட்டில் திரை மாற்றுதல்

மேற்கண்ணாடியை மட்டும் மாற்ற, திரையைச் சூடாக்கி மெல்லிய கம்பியால் பசையை அறுத்து, புதிய கண்ணாடியை வெற்றிடப் பொறியில் ஒட்டிக் குமிழி நீக்க வேண்டும். இது பட்டறைப் பணி. வீட்டில் முயன்றால், குறிப்பாக ஓ.எல்.இ.டி. திரைகளில், பலகம் பாழாவதே வழக்கம். வீட்டில் செய்யத்தக்கது மூன்று அடுக்குகளும் இணைந்த முழுத் திரையை மாற்றுவதே ஆகும். பொதுப் படிமுறை வருமாறு:

# மின்னேற்றத்தை 25 விழுக்காட்டுக்குக் கீழ் குறைத்து, கருவியை அணைக்க வேண்டும். நிறைந்த மின்கலம் துளைபட்டால் தீ கடுமையாக இருக்கும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிந்து, அருகில் உலர்ந்த மணல் வைத்திருப்பது நல்லது.
# திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே, தாளில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் வைக்க வேண்டும். குட்டைத் திருகாணியின் இடத்தில் நெட்டைத் திருகாணியை முடுக்கினால் அது மின்சுற்றுப் பலகையைத் துளைக்கக்கூடும்.
# விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக்கி, நெகிழித் தகட்டால் சிறுகச் சிறுகத் திறக்க வேண்டும். உலோகக் கருவியை ஆழமாகச் செலுத்தலாகாது. திரைவழி திறப்பதா, பின்மூடிவழி திறப்பதா என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும்.
# உள்ளே முதலில் துண்டிக்க வேண்டியது மின்கல இணைப்பே. அதன் பின்னரே திரை இணைப்புகளைக் கழற்ற வேண்டும்.
# பழைய திரையிலுள்ள உணரிகளைப் புதியதற்கு மாற்ற வேண்டும். ஐபோன் 5எசு முதல் 8 வரையிலான மாதிரிகளில் கைரேகைப் பொத்தான் தாய்ப்பலகையுடன் இணைக்கப்பட்டுள்ளதால், அசல் பொத்தானை இழந்தால் கைரேகை வசதியும் போய்விடும்.
# ஒட்டுவதற்கு முன்னர், புதிய திரையை இணைத்துப் படம், தொடுகை, உணரிகள் அனைத்தையும் சோதிக்க வேண்டும்.
# புதிய பசைச்சட்டம் இட்டு மூட வேண்டும். இதன்பின் கருவியின் நீர்த்தடுப்புத் திறனை நம்பலாகாது.

பழுதுநீக்கும் உரிமை

தாம் வாங்கிய கருவியைத் தாமே சரிசெய்யும் உரிமை பற்றிய விவாதத்தில் திரை மாற்றீடு முதன்மையான இடம் பெற்றுள்ளது. வெளியார் பழுதுநீக்கிய ஐபோன்களை "பிழை 53" முடக்கியது தொடர்பான வழக்கில், ஆத்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 இல் ஆப்பிள் நிறுவனத்துக்கு 90 இலட்சம் ஆத்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. 2021 இல் வெளிவந்த ஐபோன் 13 இல் வெளியார் திரையைப் பொருத்தினால் முகமறி வசதி செயலிழந்தது. கண்டனங்களைத் தொடர்ந்து மென்பொருள் இற்றைப்பாட்டில் இது விலக்கப்பட்டது.

2022 இல் ஆப்பிள், கூகுள், சாம்சங் ஆகியவை உதிரிப்பாகங்களைப் பயனர்களுக்கே விற்கும் திட்டங்களை அமெரிக்காவில் தொடங்கின. 2003 இல் தொடங்கப்பட்ட ஐஃபிக்சிட் தளம் மாதிரிவாரியாகப் படங்களுடன் கூடிய பழுதுநீக்கக் கையேடுகளை இலவசமாக வழங்குகிறது. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 திசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணைய வாயிலைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும்.

கழிவு அகற்றல்

உடைந்த திரையையும் பழைய மின்கலத்தையும் வீட்டுக் குப்பையில் இடலாகாது. துளைபட்ட மின்கலம் குப்பை வண்டியில் தீப்பற்றக்கூடும். கண்ணாடித் துகள் குப்பை பிரிக்கும் தொழிலாளர்களின் கையைக் கிழிக்கும். திரையைத் தடித்த தாளில் சுற்றியும், மின்கல முனைகளை நாடாவால் மூடியும் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் தனித்தனியே ஒப்படைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* தொடுதிரை
* நீர்மப் படிகக் காட்சி
* இலித்தியம் அயனி மின்கலம்
* மோவின் அளவுகோல்
* மின்னணுக் கழிவு