சாம்பல் ஆந்தையின் இளமை

தம் இளமையைப் பிறருக்கு எடுத்துரைக்கும் எவரும் சிறிது கூட்டியும் குறைத்தும் உரைப்பது இயல்பே. ஆயின், பிறந்த மண்ணையும் பெற்றோரையுமே மாற்றிக் கூறிவிட்டு, தாம் செய்த கொலைத்தொழிலை மட்டும் மறைக்காது எழுதிவைத்த ஒருவரை நாம் எந்தத் தராசில் நிறுப்பது? 'சாம்பல் ஆந்தை' எனப் பொருள்படும் 'கிரே அவுல்' என்ற பெயரில், கனடா நாட்டுக் காடுகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர் அவர்.

தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் அப்பாச்சி இனப் பெண், பிறந்தது மெக்சிக்கோ என்று அவர் கூறிவந்தார். உண்மையில் அவர் 1888-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்த ஆர்ச்சிபால்டு பெலேனி. பாட்டியும் அத்தைமாரும் வளர்த்த பிள்ளை. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதைகளில் மனத்தைப் பறிகொடுத்து, 1906-இல் தம் 17-ஆம் வயதில் கனடாவுக்குக் கப்பலேறினார்.

டெமகாமி ஏரிப் பகுதியில் வாழ்ந்த ஓஜிப்வே மக்களே அவருக்குக் காட்டைக் கற்பித்தனர். அம்மக்களுள் ஒருவரான ஆஞ்செல் எக்வுனாவை 1910-இல் மணந்து, அக்குடும்பத்தாரோடு வேட்டைக்குச் சென்றார். பின்னர் மனைவியையும் மகளையும் விட்டு நீங்கினார். அவரைப் போற்றுவோர் இதை விரைவாகக் கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை.

அவர் பிடித்தது பெரும்பாலும் பீவர். மரங்களைப் பல்லால் அறுத்து வீழ்த்தி, ஓடைகளுக்கு அணை கட்டி வாழும் பெரிய கொறிவிலங்கு அது. அதன் உள்மயிர் நுண்ணிய கொக்கிகளைக் கொண்டது. ஆதலால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உறுதியான கம்பளமாகும். ஐரோப்பியச் சீமான்களின் தொப்பிகள் அதனால் ஆனவை. 1670-இல் பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் குழுமம், ஒரு பீவர் தோலையே நாணய அளவாகக் கொண்டு துப்பாக்கிக்கும் போர்வைக்கும் விலை குறித்தது. தொப்பி மோகம் மாறிய பின்னும் வேட்டை ஓயவில்லை.

பீவர் நடமாடும் கரையோரத்தில், நீருக்குள் இரும்புப் பொறியை வைப்பர். கால் அகப்பட்ட விலங்கு, தன் வழக்கப்படி ஆழத்தை நோக்கிப் பாயும். பொறியும் சங்கிலியும் மீண்டும் மேலே வரவிடா. நீரே இல்லமாக வாழ்ந்த உயிர் நீரிலேயே மூச்சடைத்து இறக்கும். தோலை வளைத்த கழியில் வட்டமாக இழுத்துக் கட்டி உலர்த்துவர்.

1928-ஆம் ஆண்டின் இளவேனிற்காலத்தில் தாய் பீவர் ஒன்று அவரது பொறிக்கு இரையாயிற்று. குட்டிகள் இரண்டு எஞ்சின. அப்போது அவருடன் வாழ்ந்த மோஹாக் இனப் பெண்ணான அனஹாரியோ, அவற்றைக் காப்பாற்றுவோம் என்று மன்றாடினார். குட்டிகள் குழந்தைகளைப்போல் அழுதன. அவர் கையில் உறங்கின. வேறு பிழைப்பு அறியாத நிலையிலும் பீவர் வேட்டையைக் கைவிட்டார். 1931-இல் கனடாவின் தேசியப் பூங்காத் துறை அவரைப் பணியில் அமர்த்தியது. எழுத்தாலும் சொற்பொழிவாலும் அவர் பீவருக்காகப் பரிந்து பேசினார். 1936-இல் லெஸ்டர் நகரில் அவர் பேசக் கேட்ட சிறுவன் ரிச்சர்டு அட்டன்பரோ, பிற்காலத்தில் 'காந்தி' திரைப்படத்தை இயக்கியவர். 1999-இல் இவரைப் பற்றியும் ஒரு படம் எடுத்தார்.

1938 ஏப்ரலில் அவர் இறந்தவுடன் பொய் வெளிப்பட்டது. நார்த் பே நகர நாளிதழ் ஒன்று 1935-இலேயே ஆஞ்செல் வாயிலாக உண்மையை அறிந்திருந்தும், அவர் உயிரோடிருந்தவரை வெளியிடாது காத்தது. பீவரின் நலன் கருதிக் காத்த மௌனம் என்பர். அம்மௌனத்தை நாம் முழுமனத்துடன் ஏற்க இயலவில்லை. பூர்வகுடி மக்களின் குரலாக அவர் மேடையேறியபோது, அம்மக்களுக்குரிய இடம் ஒன்று பறிபோயிற்று. எனினும் பொறியில் அகப்பட்ட விலங்கின் வேதனையை அவர் எழுதியது பொய்யன்று. அதை அறியும் தகுதி அவர் கைகளுக்கு இருந்தது.

சஸ்காட்செவனில் அஜவான் ஏரிக்கரையில் அவரது மரக்குடில் இன்றும் உள்ளது. பீவர்கள் ஏரியிலிருந்து நேரே உள்ளே வந்து, அறைக்குள்ளேயே வீடு கட்டிக்கொள்ள வழிவிட்ட குடில் அது. அருகிலேயே அவரும், 1986-இல் மறைந்த அனஹாரியோவும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.